கத்துவதற்கு ஒரு முகாமா? காக்ஸாக இருக்கும் மகளைப் பற்றிக் கேட்ட தாய்க்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். நியூஜெர்சியில் வாழும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 15 வயது. பள்ளியின் துடுப்புப் படகு அணியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. உருவத்தில் சிறியவள் என்பதால் காக்ஸாக, அதாவது படகைத் திருப்பிச் செலுத்தி, துடுப்பு வலிப்பவர்களுக்குக் கட்டளை சொல்பவளாக, உட்கார வைத்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் காக்ஸ்களுக்கென்றே நடக்கும் ஐந்து நாள் தலைமைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும்படி பயிற்சியாளர் சொல்கிறார். "துடுப்பு வலிப்பது மற்ற எட்டுப் பேர். இவள் உட்கார்ந்து கத்துகிறாள். கத்துவதற்கு ஒரு முகாமா? வீட்டுக்கு நாலு பேர் வந்தால் அறைக்குள் போய்விடும் கூச்சக்காரி இவள். போதாததற்கு, எடை ஏறக்கூடாது என்று இப்போது இரவுச் சாப்பாட்டையும் தவிர்க்கிறாள். அனுப்பலாமா?"

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் அவசரம். உங்கள் மகள் சாப்பிட வேண்டும். இன்றிரவே சாப்பிட வேண்டும். காக்ஸ் இலேசாக இருந்தால் படகு வேகமாகப் போகும் என்பது பழைய எண்ணம். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் இருவர் படகு, 60 கிலோ எடையுள்ள தன் காக்ஸை இறக்கிவிட்டு, ஒரு பிரெஞ்சுச் சிறுவனை ஏற்றிக்கொண்டு தங்கம் வென்றது. அந்தச் சிறுவனின் எடை 33 கிலோ. பெயர்கூடப் பதிவேட்டில் ஏறவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. இன்று உலகத் துடுப்புப் படகுச் சம்மேளனத்தின் விதிப்படி காக்ஸுக்குக் குறைந்தபட்ச எடை 55 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் குறையும் எடைக்கு மணல் பையைப் படகில் ஏற்றியாக வேண்டும். பள்ளிப் போட்டிகளிலும் இப்படி ஒரு வரம்பு இருக்கும். உங்கள் வட்டாரத்தில் எவ்வளவு என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். வரம்புக்குக் கீழே பட்டினி கிடந்து குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஈடாக மணல்தான் ஏறப்போகிறது. இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள். எந்த முகாமிலாவது, எந்தப் பயிற்சியாளராவது வளரும் பெண்ணிடம் எடையைக் குறைக்கச் சொன்னால் அந்த இடத்தை விட்டு அவளை அழைத்து வந்துவிடுங்கள். இந்த விளையாட்டில் பிள்ளைகளை இப்படி வாட வைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி "உட்கார்ந்து கத்துகிறாள்" என்பதற்கு வருகிறேன்.

எட்டுப் பேர் படகு ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். ஆட்களோடு சேர்த்தால் அரை டன்னுக்கு மேல் எடை. பிரேக் கிடையாது. துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். உங்கள் மகள் அமரத்தில், எட்டுப் பேருக்கும் முகம் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வரும் பாலம், மிதக்கும் மரக்கட்டை, எதிரே வரும் ஒற்றையாள் படகு எதுவும் அந்த எட்டுப் பேருக்கும் தெரியாது. எட்டுப் பேருக்கும் அவள்தான் கண். அவளுக்குமே நேர் எதிரே எட்டு உடம்புகள் மறைக்கின்றன. இருபக்கமும் எட்டிப் பார்த்து, நடுவில் தெரியாததை ஊகித்துக்கொண்டு செலுத்துகிறாள். நால்வர் படகென்றால் பெரும்பாலும் அணியத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு செலுத்த வேண்டும். அங்கே பாதை தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். பின்னால் யார் தாமதமாகத் துடுப்பை இறக்குகிறார்கள் என்பதை முதுகில் படும் அதிர்வை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் கையில் இருப்பது இரண்டு கயிறும், தண்ணீருக்கடியில் உள்ளங்கை அளவுள்ள ஒரு சுக்கானும். கயிற்றை இழுத்தவுடன் படகு திரும்பிவிடாது. ஒன்றிரண்டு துடுப்பு வலிப்புக்குப் பிறகுதான் மூக்கு அசையத் தொடங்கும். புதிதாக உட்காரும் பிள்ளை, "திரும்பவில்லையே" என்று இன்னும் கொஞ்சம் இழுப்பாள். அதற்குள் முதலில் இழுத்தது வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். படகு வேண்டியதற்கு மேல் திரும்பிவிடும். பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பாள். இப்படியே ஆற்றில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவார்கள்; வளைவு ஒவ்வொன்றிலும் வேகம் கழியும். படகு தன் நடுவைச் சுற்றித் திரும்புகிறது என்பதையும் அவள் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். பாலத்தூணை மூக்கு தாண்டியதும் திருப்பிவிட்டால் பின்வரிசைத் துடுப்புகள் தூணில் அறையும். இதைப் பாடமாகச் சொன்னால் ஐந்து நிமிடம். கைக்கு வர மணிக்கணக்கில் தண்ணீரில் இருக்க வேண்டும். பள்ளியின் பந்தயப் பருவத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. பயிற்சியாளரின் கவனமெல்லாம் எட்டுப் பேரின் முதுகிலும் துடுப்பிலும் இருக்கும். காக்ஸ் என்ன செய்கிறாள் என்று பார்க்க யாருக்கும் பொழுதில்லை. மோதினால் மட்டும் பார்ப்பார்கள். காக்ஸ்களுக்கென்று தனி முகாம் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

நான் மாசசூசெட்ஸில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். கோடையில் இத்தகைய முகாம்களில் உதவியும் இருக்கிறேன். 1965இல் தொடங்கி அக்டோபர் மாதங்களில் இங்கே நடந்துவரும் 'ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ்' பந்தயம் கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். நேர்க்கோடு என்பதே அரிது. ஹார்வர்டுக்கு அருகிலுள்ள வீக்ஸ் நடைபாலத்தின் கீழே இடப்பக்கமாக ஒடிவது போன்ற ஒரு வளைவு. அங்கே சுக்கானை மட்டும் நம்பினால் திரும்ப முடியாது. வலப்பக்கத் துடுப்புகளை அழுத்தச் சொல்லி, இடப்பக்கத்தை இளக்கச் சொல்லி, சரியான வலிப்பில் சொல்லி, சரியான வலிப்பில் நிறுத்த வேண்டும். (வலது, இடது என்று படகில் யாரும் சொல்வதில்லை. காக்ஸின் இடக்கை துடுப்பு வலிப்பவரின் வலக்கை. அதனால்தான் எல்லோரும் போர்ட், ஸ்டார்போர்ட் என்கிறார்கள்.) உலகெங்கிலுமிருந்து வரும் தேர்ந்த காக்ஸ்களே அந்தப் பாலத்தடியில் தடுமாறுவதை மக்கள் கரையில் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். ஆகவே உங்கள் மகள் முதலாண்டில் எங்கேயாவது உரசினாள் என்றால் கவலைப்படாதீர்கள்.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலை ஆறு மணிக்கெல்லாம் தண்ணீரில் இருப்பார்கள். வெயில் ஏறக் காற்றும் ஏறும். நல்ல முகாமில் படகை வலிப்பதற்குத் தனி ஆட்கள் எப்போதும் இருக்க மாட்டார்கள். காக்ஸ்களே முறை வைத்து வலிப்பார்கள். ஒருவர் செலுத்த எட்டுப் பேர் வலிக்க, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறுவார்கள். பார்க்கச் சிரமமாக இருக்கும். குட்டையான பிள்ளைகள், வலித்துப் பழக்கமில்லாத கைகள், முதல் நாளே கொப்புளம். ஆனால் முகாமிலேயே மதிப்புள்ள பாடம் அதுதான் என்பது என் கருத்து.

ஒரு காலை நடந்தது. செலுத்திய பையன், "பத்து வலிப்பு, முழு பலத்தோடு" என்றான். எல்லோரும் கொடுத்தார்கள். பத்தாவது முடிந்ததும் உற்சாகத்தில், "இன்னும் ஐந்து" என்றான். நடு இருக்கையிலிருந்த ஒரு பெண் துடுப்பைக் கீழே அழுத்தி நிறுத்தியேவிட்டாள். கரைக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "என்னிடம் இருந்ததைப் பத்துக்கென்று பிரித்துக் கொடுத்துவிட்டேன். பதினொன்றாவதுக்கு என்னிடம் எதுவும் இல்லை." அந்தப் பெண் தன் பள்ளியில் இரண்டாண்டு காக்ஸ். தானும் இதையே செய்துவந்திருக்கிறாள் என்று சொல்லும்போது அவள் முகம் சுருங்கிப் போனது. பத்து என்றால் பத்து. இதை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருந்தாலும் அந்தக் கை வலித்த அளவுக்குப் பதிந்திருக்காது.

தலைமை என்று முகாமின் பெயரில் போட்டிருப்பதன் உள்ளடக்கம் இதுதான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்களிடம் பொய் சொல்லக்கூடாது. பந்தயத்தில் எதிர்ப்படகு விலகிப் போய்க்கொண்டிருக்கும்போது, "நெருங்கிவிட்டோம், நெருங்கிவிட்டோம்" என்று சொல்லும் காக்ஸ்கள் உண்டு. உற்சாகப்படுத்துவதாக நினைப்பு. ஆனால் முந்திச் செல்லும் படகு தங்கள் கண்பார்வையில் இல்லை என்பதை வைத்தே எட்டுப் பேரும் நிலவரத்தைப் புரிந்துகொள்கிறார்கள். அடுத்த முறை அவள் உண்மையாகவே நெருங்கிவிட்டோம் என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். தேறிய காக்ஸ் இருக்கைக் கணக்கில் பேசுவாள்: "அவர்களுடைய ஐந்தாம் இருக்கைக்கு நேராக நான் இருக்கிறேன். நான்காம் இருக்கையைத் தாருங்கள்." தோற்றுக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கணக்கு மாறாது. 2,000 மீட்டர் பந்தயத்தின் மூன்றாவது ஐந்நூறில் கால்கள் எரியும், மூச்சு முட்டும், முடிவும் கண்ணில் படாது. அப்போது நம்பக்கூடிய ஒரே ஒரு குரல் வேண்டும்.

மதியத்தில் ஒலிப்பதிவு கேட்பார்கள். காலையில் சட்டைப்பையிலோ காக்ஸ் பாக்ஸோடோ ஒரு சிறு பதிவுக் கருவியை வைத்துக்கொண்டுதான் படகேறுவார்கள். (காக்ஸ் பாக்ஸ் என்பது அவள் தலையில் மாட்டும் ஒலிவாங்கியோடு இணைந்த கருவி. படகு நெடுகிலும் பொருத்திய ஒலிபெருக்கிகளில் அவள் குரலைக் கேட்கச் செய்யும். நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு என்றும் காட்டும்.) தன் குரலைத் தானே கேட்பது பெரியவர்களுக்கே கூச்சமானது. பதினாறு வயதில் இன்னும் கடினம். ஒரு பையனிடம் ஆறு நிமிடப் பதிவைக் கொடுத்து, தான் 'கமான்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொன்னோம். நோட்டுப் புத்தகத்தில் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. மொத்தம் 61. பத்தாவது கோட்டில் சிரித்தான். முப்பதாவது கோட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தானாகவே கேட்டான்: "அந்த இடத்தில் நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம்?" அந்தக் கேள்வியிலிருந்துதான் அவன் காக்ஸாகத் தொடங்கினான் என்று நினைக்கிறேன். மறுநாள் பதிவில் 'கமான்' முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் இடையிடையே, "மூன்றாம் இருக்கை, துடுப்பு இறங்குவது தாமதம்," "இப்போது நன்று, அப்படியே வைத்திருங்கள்" என்று ஒருவருக்குப் பயன்படும் சொற்கள் வந்திருந்தன. பேசாமலிருந்த இடங்களும் இருந்தன. நீரில் எட்டுத் துடுப்புகளும் ஒன்றாக இறங்கும் ஓசை அங்கே கேட்டது.

உங்கள் மகள் கூச்சக்காரி என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கவனிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகள்தான் கூச்சப்படுபவர்களில் பெரும்பாலோர். படகில் அது ஒரு மூலதனம். ஓயாமல் பேசும் காக்ஸின் குரல் மூன்றாவது நிமிடத்தில் மழைச்சத்தம் மாதிரி ஆகிவிடும். காது அதை விலக்கிவிடும். அளந்து பேசுபவளுடைய சொல் விழும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க எட்டுப் பேர் படகுக்கு பாப் மோக் என்ற மாணவர் காக்ஸ். பாதித் தூரம் வரை படகு பின்தங்கியே இருந்தது. இறுதிக் கட்டத்தில் கரையோரக் கூட்டத்தின் ஆரவாரத்தில் அவர் குரல் எடுபடவில்லை. சுக்கான் கயிற்றின் மரப்பிடிகளைப் படகின் பக்கப் பலகையில் அறைந்து தாளம் கொடுத்தார். 6 நிமிடம் 25.4 விநாடியில் முதலாவதாக வந்தார்கள். இரண்டாவதாக வந்த இத்தாலிக்கும் அவர்களுக்கும் இடையே 0.6 விநாடி. அந்த வலிப்புகளில் அவரால் கத்தி எதுவும் செய்திருக்க முடியாது.

குரல் விஷயத்தில் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். ஆபத்து வந்தால் எல்லோரும் அந்த நொடியே கேட்டாக வேண்டும். 'வேய் இனஃப்' என்றால் வலிப்பதை நிறுத்து. 'ஹோல்ட் வாட்டர்' என்றால் துடுப்பை நீருக்குள் நிறுத்திப் படகைத் தடு. இந்த இரண்டையும் தயங்காமல், அடிவயிற்றிலிருந்து சொல்லப் பழக்குவார்கள். தொண்டையிலிருந்து கத்தினால் ஒரு வாரத்தில் குரல் கட்டிப்போகும்.

நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது படகுத்துறைக்கு வந்து சேரும் பயிற்சியை. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கமிருந்து என்று பார்த்து, முடிந்தவரை அவற்றுக்கு எதிராக, சிறிய சாய்வில், முன்னிருக்கும் இரண்டு பேரை மட்டும் மெல்ல வலிக்கச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். கடைசியில் "சாயுங்கள்" என்றதும் எட்டுப் பேரும் துறைக்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். துறைப்பக்கத் துடுப்புகள் மேலெழும்பிப் பலகையைத் தாண்டி உள்ளே வரும். வேகம் அதிகமென்றால் பல ஆயிரம் டாலர் படகு உரசும். குறைவென்றால் துறைக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டு மெல்ல விலகும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி சுற்றி வர வேண்டும். சொந்த அணியின் முன்னால் இப்படி நேர்ந்தால் பிள்ளைகள் குன்றிப்போவார்கள். முகாமில் இருப்பவர்கள் எல்லோருமே அந்த அவமானத்தை அறிந்தவர்கள். நாலு முறை சுற்றி வந்தாலும் யாரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள்.

சாயங்காலங்களில் பேசுவது பெரும்பாலும் மனிதர்களைப் பற்றி. தன்னைவிட மூத்த, உயரமான, தினமும் ஒன்றாக மதிய உணவு சாப்பிடும் தோழியிடம், "நீ தாமதிக்கிறாய்" என்று எல்லோர் காதிலும் விழும்படி எப்படிச் சொல்வது? பயிற்சியாளர் ஒருத்தியைக் கடிந்துகொண்ட பிறகு அவளைக் கொண்டு எப்படிப் படகை ஓட்டுவது? இதற்கெல்லாம் சூத்திரம் இல்லை. மற்ற பள்ளிப் பிள்ளைகளும் இதே இடத்தில் சிக்கியிருக்கிறார்கள் என்று தெரிவதே பெரிய விடுதலை. ஓர் அணியில் துடுப்பு வலிக்கும் ஒவ்வொருவருக்கும் ஏழு துணை. காக்ஸ் ஒருத்திதான்.

எல்லா முகாமும் இப்படி இருக்காது. பணம் கட்டும் முன் கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரில்? ஒரு பிள்ளைக்குச் சுக்கான் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு? பதிவைக் கேட்டுத் தனித்தனியே கருத்துச் சொல்வார்களா? பெரும்பகுதி வகுப்பறை, ஆளுமைத் தேர்வு, உற்சாக உரை என்றால் வேண்டாம். அதை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். நீச்சல் சோதனை வைக்கிறார்களா, பயிற்சியாளரின் மோட்டார் படகு எப்போதும் கூடவே வருகிறதா, அதில் எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அணியத்தில் படுத்துச் செலுத்தும் படகில் தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் சட்டை அணியக்கூடாது. படகு கவிழ்ந்தால் உப்பிய சட்டை அவளை உள்ளேயே சிக்கவைத்துவிடும். கையால் இழுத்து ஊதும் வகைதான் வேண்டும். இதைக் கேட்டவுடன் பதில் சொல்லத் தெரியாத முகாமுக்கு நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன். தங்கிப் பயிலும் முகாமென்றால் பெரியவர்கள் அனைவரும், விளையாட்டில் பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பதற்கான சேஃப்ஸ்போர்ட் பயிற்சி முடித்தவர்களா என்பதும் முக்கியம். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியே பேச நேர்ந்தால், பிறர் பார்க்கக்கூடிய, இடைமறிக்கக்கூடிய இடத்தில்தான் பேச வேண்டும் என்பது அதன் விதி.

கல்லூரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி 1997 முதல் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் சாம்பியன்ஷிப்பாக நடக்கிறது. காக்ஸ்களையும் தேடி எடுக்கிறார்கள். துடுப்பு வலிப்பவர்களிடம், தரையில் வலித்துப் பழகும் எர்க் இயந்திரத்தில் எடுத்த நேரம் கேட்பார்கள். காக்ஸிடம் ஒலிப்பதிவு கேட்பார்கள். ஆண்கள் அணிக்குப் பெண் காக்ஸ் இருப்பதும் இங்கே சாதாரணம். ஒலிம்பிக்கிலும் காக்ஸ் ஆணா பெண்ணா என்ற தடை இப்போது இல்லை: பிரிட்டனின் ஹென்றி ஃபீல்ட்மேன் டோக்கியோவில் ஆண்கள் படகிலும், 2024 பாரிஸில் பெண்கள் படகிலும் வெண்கலம் வென்றார். ஆனால் ஐந்து நாள் முகாம் கல்லூரி இடம் வாங்கித் தராது. அதற்காக அனுப்புவதென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆக, அவளுக்கு விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். விருப்பமில்லை என்றால் இந்தக் கோடையை விட்டுவிடலாம். அடுத்த கோடையும் முகாம் இருக்கும்.

போகும்போது பையில் வைக்க: தொப்பி, காற்றுத் தாங்கும் மேல்சட்டை (வலிப்பவர்களுக்கு வியர்க்கும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கும் காக்ஸுக்குக் குளிரும்), நனைந்தாலும் எழுதக்கூடிய ஒரு சிறு நோட்டு, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப், ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஒரு 7/16 அங்குல ஸ்பேனர். துடுப்பைத் தாங்கும் ரிகரின் நட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டு அளவுக்குள் அடங்கிவிடும். முதல் நாள் காலையில் யாருடைய நட்டாவது நிச்சயம் தளர்ந்திருக்கும். எல்லோரும் ஸ்பேனரைத் தேடும்போது அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும்.